பழைய மூக்கின் படம்

கிம்னியோங், ஜேஜு தீவு
அக்டோபர் 12

ஒசாகாவில் இருக்கும் தோழி ஓக்சிமுக்கு, பூன்யோ அன்போடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய வலி பிளாஸ்திரி வந்து சேர்ந்தது. முழங்கால் வலி உனக்கு, பிளாஸ்திரி எனக்கா? நீ திருந்தவே மாட்டாய்.

ஒரு செய்தி, சிரிக்காமல் படி. நான் மூக்கை நிமிர்த்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அறுபதாம் பிறந்தநாளுக்கு மகள் ஹேரின் தரும் பரிசு. சியோலில் இப்போது பிள்ளைகள் அம்மாவுக்கு மோதிரத்துக்குப் பதிலாகக் கண்ணிமை, மூக்கு என்று செய்து வைக்கிறார்களாம். மூக்கிலிருக்கும் பள்ளத்தில் மாஸ்க் பொருந்தாமல், கடலில் சங்கு எடுக்க முங்கும்போது தண்ணீர் கசிகிறது, அதற்காகத்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் என்ன மறைப்பு? ஒருமுறையாவது அழகாக இருந்து பார்க்க எனக்கும் ஆசைதான்.

போன வாரம் சியோல் போய் டாக்டரைப் பார்த்தோம். சிலிக்கான் வேண்டாம், தினமும் மாஸ்க் அழுத்தும் மூக்குக்கு நம் உடம்பின் குருத்தெலும்பே நல்லது என்றார். மூக்கின் நடுத்தடுப்பிலிருந்து எடுக்கலாமென்றால் அது மூக்கு உடைந்த அன்றைக்கே நொறுங்கிப்போனது. மீதி இருப்பது காது, இல்லாவிட்டால் விலா.

முங்கிவிட்டு ஏறி, கரையில் மற்ற பெண்களோடு நெருப்புக் காயும்போது இதைச் சொன்னேன். பஞ்சாயத்தே கூடிவிட்டது. எங்கள் தலைவி யாங் அக்கா, "நீ காதத் தொட விட்டேன்னா என்கூட ஆழத்துக்கு வராத. அங்க மொதல்ல வலியில கத்துறது காதுதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். விலாவில்தான் மூச்சே இருக்கிறது, அதை வெட்டினால் நீ சங்கு எடுத்த மாதிரிதான் என்றார்கள் மற்றவர்கள். "இந்த வயசுல யார் பாக்கப் போறாங்கன்னு மூக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பார்ப்பேன் என்றேன்.

டாக்டர் சொன்னபடி, காது மடலில் எடுத்தால் கேட்பதற்கு ஒன்றும் ஆகாதாம். ஆனால் அது மெல்லியது, இவ்வளவு பள்ளத்தைத் தூக்க விலாக் குருத்துதான் தாங்குமாம். என் வயதுக்கு அது எலும்பாய் இறுகியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். "அம்மா, உங்க விலா நாப்பது வயசுக்காரங்களோடது மாதிரி இருக்கு" என்றார். இதை யாங் அக்காவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

மூச்சு விட்டால் சில வாரம் வலிக்கும், ஆறு மாதம் மாஸ்க் மூக்கில் படக் கூடாது. ஹேரினைப் பெற்றபோதுகூட அவ்வளவு நாள் நான் கரையில் உட்கார்ந்ததில்லை. ஆறு மாதம் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

போன மாதம் உன் தம்பி உங்கள் அம்மாவின் கல்லறையில் புல் வெட்ட வந்தான். அக்கா ஏன் வருவதே இல்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "பூன்யோ மூஞ்சில எப்படி முழிப்பேன்னு சொல்லுது" என்றான். எனக்கு வந்ததே கோபம். நாற்பது வருடமாக இதுதானா? பாசி உன் காலைச் சுற்றிக்கொண்டது, நான் முங்கி வெட்டினேன், நீ உதறினாய், என் மூக்கு உடைந்தது. உயிருக்குப் போராடுகிறவள் ஆளைப் பார்த்தா உதைப்பாள்? நீ மேலே வந்து மூச்சு விட்ட சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூக்கே வலித்தது.

இதைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உடைவதற்கு முன் மூக்கு எப்படி இருந்தது என்று டாக்டர் படம் கேட்கிறார். என்னிடம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயதில் நாம் இருவரும் படகுத்துறையில் எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது நீதான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். அதைத் தபாலில் போடாதே, தொலைந்துவிடும். கையில் கொண்டு வா. நீ வந்த பிறகுதான் டாக்டருக்குப் பதில் சொல்வேன். இந்த மூக்கை நீ ஒருமுறை நேராகப் பார்த்துவிடு ஓக்சிம், அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்.

உன் முழங்கால் கப்பல் படி ஏறும் அளவுக்காவது தேறட்டும். உன் மூச்சு நீளட்டும்.

என்றும் உன்,
பூன்யோ