கோட்டைத் தலைவியின் முகம்

தோக்கியோ
04.04.2024

என் வாயாடி அக்காவுக்கு,

தம்பி நிருஷன் எழுதுவது. நீங்கள் கமக்காரர் அமைப்புக்குத் தலைவி ஆகிவிட்டீர்கள் என்று அப்பா போனில் சொன்னார். சொன்னாரா, கூவினாரா தெரியாது. "ஜெயபுரத்தில இனி என்ர மகள் சொன்னால்தான் குளத்துத் துருசுக் கதவு திறக்கும்!" என்றார். பக்கத்து அறைக்காரனுக்கும் கேட்டிருக்கும். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

எனக்கும் இங்கே ஒரு தலைவி கிடைத்திருக்கிறாள். எங்கள் ஸ்டூடியோ புதிதாக ஒரு சரித்திர அனிமே செய்கிறது. அதில் ஹருனோ என்று ஒரு கோட்டைத் தலைவி. பஞ்ச காலத்தில், தான் பிறந்த ஊருக்கே தண்ணீர்க் கதவை அடைத்துவிடுகிறாள். அந்த முகத்தை நான்தான் படமாகக் கீற வேண்டும். "அவளுக்கு அதிகார வெறி, சிரித்தபடி அடைக்கட்டும்" என்கிறார் இயக்குநர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருத்தி ஏன் அப்படிச் செய்வாள்? துருசுப் பூட்டின் திறப்பு இப்போது உங்கள் கையில்தானே, நீங்களே சொல்லுங்கோ.

அன்புத் தம்பி
நிருஷன்


ஜெயபுரம்
26.05.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது, கோவிக்காதே. போனில் கதைத்தால் அழுதுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன். முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. நீ அனுப்பின படத்தில் உன் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

அதிகாரம் பற்றிக் கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன். திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாய்க்கால் வரம்பில் நடந்த முதல் நாள் ராணி மாதிரித்தான் இருந்தது. அந்தச் சந்தோசம் கன நாள் நிலைக்கவில்லை.

இந்தக் கோடைச் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் குளத்துத் தண்ணீர் காணாது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். மேல்வாய்க்கால் வயல்களை மட்டும் விதைத்து, கீழ்வாய்க்கால்காரருக்கும் அதிலேயே பங்கு பிரித்துக் கொடுப்பது. கூட்டத்தில் எல்லாரும் சம்மதித்தார்கள், அப்பாவும் கையை உயர்த்தினார். உயர்த்திவிட்டு வந்து, கிடைத்த பங்கோடு நிற்காமல் கீழே இருக்கிற சொந்த வயலையும் விதைத்துவிட்டார்! கேட்டால், "தலைவி என்ர மகள். தண்ணி வராமலோ போகும்?" என்கிறார்.

இப்போது பயிர் சாண் உயரம். நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. "கொஞ்ச நேரம் திற பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது" என்று கெஞ்சுகிறார். மாட்டேன் என்றுவிட்டேன். உன் ஹருனோவுக்குக் காரணம் தேடுகிறாயே, எனக்கு முதலில் ஒரு வழி சொல்.

உன் அக்கா
தனுஷா


தோக்கியோ
30.05.2024

அக்காவுக்கு,

அப்பா போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. மலைநாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்து, காடு வெட்டி எடுத்த வயல் அது. ஒரு மணித்தியாலம் திறந்தால் குளம் வற்றிவிடுமா? பதவி அப்பாவை விடப் பெரிதா உங்களுக்கு?

இயக்குநர் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஹருனோவைச் சிரிக்கிற மாதிரியே கீறப்போகிறேன்.

நிருஷன்


ஜெயபுரம்
16.06.2024

தம்பிக்கு,

வயல் கருகிவிட்டது. நேற்று மாடுகளை உள்ளே மேயவிட்டாயிற்று.

ஒரு மணித்தியாலத்தில் குளம் வற்றாது, அது எனக்கும் தெரியும். பேச்சியம்மாவை நினைவிருக்கிறதா, மனுசன் இல்லாமல் பிள்ளைகளோடு தனித்து நிற்கிறவா? அவாவின் வயலும் கீழ்வாய்க்காலில்தான். கூட்டத்துச் சொல்லை நம்பி அதை வெறுமனே போட்டுவிட்டு, மேலே கிடைத்த துண்டுக் காணியோடு இருக்கிறா. பக்கத்தில் அப்பாவின் வயல் மட்டும் பச்சையாக நின்றால், நான் அவாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அடுத்த முறை ஆர் தன் வயலில் இன்னொருவருக்குப் பங்கு கொடுப்பான்?

அப்பா என்னோடு கதைப்பதில்லை. நான் சமைத்ததைத் தானே போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார். நான் குசினியில் தனியே சாப்பிடுகிறேன். ஒரு வாய் வைத்துவிட்டு வாசலைத்தான் பார்க்கிறேன்.

நீ சிரிக்கிற மாதிரிக் கீறினால் கீறு. நான் சிரிக்கவில்லை. ஆனால் செய்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

அக்கா


தோக்கியோ
22.09.2024

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கீறினேன். என் ஹருனோ சிரிக்கவில்லை. கதவை அடைத்துவிட்டு வந்து, பெரிய கூடத்தில் தனியே இருந்து சோறு தின்கிறாள். ஒரு வாய் வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள்.

இயக்குநரோடு பெரிய சண்டை. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். கடைசியில் ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொரு தரமும் ஓடவிட்டார். பிறகு, "இது யாருடைய முகம்?" என்று கேட்டார். "என் அக்காவுடையது" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

அந்தப் பகுதியை இத்தோடு அனுப்புகிறேன். அப்பாவுக்கும் காட்டுங்கோ. அன்றைக்கு எழுதியதை மறந்துவிடுங்கோ, அக்கா.

உங்கள் மடத்தம்பி
நிருஷன்


ஜெயபுரம்
13.10.2024

என் செல்லத் தம்பிக்கு,

படத்தைப் போட்டுக் காட்டினேன். அப்பா கதிரையைத் தூரப் போட்டுக்கொண்டு, பார்க்காதவர் மாதிரிப் பார்த்தார். கதையை நான்தான் சொல்லிக்கொண்டு போனேன். ஹருனோ தனியே சோறு தின்கிற இடம் வந்ததும், "உந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில ஒருத்தருமில்லையோ?" என்று கேட்டார். "இல்லையப்பா" என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். அதோடு எழும்பிப் போய்விட்டார்.

நேற்று, மாரி விதைப்புக்கான காலபோகக் கூட்டம். தலைவியை மாற்ற வேண்டும் என்று தங்கராசா அண்ணை எழும்பினார். "பெத்த தகப்பன்ர வயித்தில அடிச்சவள், ஊருக்கு என்னத்தைச் செய்யப் போறாள்?" என்றார். திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டேன்.

பின்வரிசையில் அப்பா எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"ஓம், என்ர வயலைக் காயவிட்டவள்தான். பெத்த தகப்பனுக்கே களவாத் திறக்காதவள் வேற ஆருக்குத் திறக்கப் போறாள்? இவளை விட்டிட்டு ஆரை நம்பப் போறியள்?"

பேச்சியம்மாவின் கை முதலில் உயர்ந்தது. பிறகு எல்லாக் கையும். தங்கராசா அண்ணைகூடச் சிரித்துக்கொண்டு உயர்த்தினார். அப்பா நேரே வந்து, மேசையில் கிடந்த திறப்பை எடுத்து என் கையில் வைத்துப் பொத்தினார்.

"வா பிள்ளை, வீட்டை போய்ச் சாப்பிடுவம்" என்றார்.

இரண்டு பேரும் குசினியில் ஒன்றாக இருந்துதான் சாப்பிட்டோம். இன்னொன்று, அப்பா உனக்கு எழுதச் சொன்னது: இனிமேல் வருகிற பகுதியில் ஹருனோவுக்குப் பக்கத்தில் ஆரையாவது இருத்தட்டாம்.

உன் அக்கா
தனுஷா