அப்பாவின் முதுகும் பல் குத்தும் குச்சியும்

செல்லச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள்ளிருந்து உதைக்கிற சின்ன ஆளும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும், எங்கள் நினைப்பெல்லாம் அங்கேதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, உன் அப்பாவுக்கு நிறையவே இருக்கிறது. நீயும் அவரும் பேசி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. உன் போன் வந்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார், காதை மட்டும் கதவில் வைத்துக்கொள்கிறார், குழாயைத் திறந்துவிடக்கூடத் தோன்றுவதில்லை. இப்போது பின்தெருவில் நடக்கப் போயிருக்கிறார், திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். வெட்ட வேண்டிய சட்டைத் துணிகளை மேஜையில் ஓரமாகத் தள்ளிவிட்டு அவசரமாக எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அதற்கென்று படித்தவள், உனக்குத் தெரியாததா. ஆனால், "நிஜமா ஊசி குத்தினாலும் குத்துற மாதிரி நடிச்சாலும் பெரிய வித்தியாசமே இல்லைன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்கப்பா, அக்குபங்சர்னு போய் ஏமாந்துட்டு வராதீங்க" என்றாயே, அதில் ஏமாந்து என்ற ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். "எனக்கு வலி குறையுது, அது இவ ஆராய்ச்சிக்குத் தெரியுமா" என்று போனை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் நீ பிடித்ததற்கு இரண்டே கால். ஆனால் தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டிய மனிதர், இடது இடுப்பில் வலி வந்ததிலிருந்து இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் சாப்பாட்டையும் பேப்பரையும் நின்றுகொண்டே முடித்தார். உன்னிடம் வர பதினான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும். "நீ மட்டும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை இப்படி விட்டுவிட்டு நான் எப்படி வருவேன், நான் வராமல் பிள்ளைப்பேற்றுக்கு நீ என்ன செய்வாய். எனக்குத் தூக்கமே போய்விட்டது, சிட்டு.

இனிமேல் சொல்வதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே. ஊசி வைத்தியரை நான் ஊசிக்காரர் என்றுதான் சொல்வேன். முதலில் எனக்கும் நம்பிக்கை இல்லை. தையல்காரியாக நான் முப்பது வருடமாக விரலில் குத்திக்கொண்ட ஊசிக்குப் பலன் இருந்தால் எனக்குச் சளிகூடப் பிடித்திருக்கக் கூடாது. ஆனால் ஆள் சுத்தம், ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலம் பிரிக்கிறார், ஊசி தலைமுடி கனம்தான். முதுகில் பேனாவால் புள்ளி வைத்து, இடது பக்கம் ஏழு, வலது பக்கம் நான்கு குத்தி, அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வார். மெத்தென்ற சோபாவில் சாயாதீர்கள், தினமும் நடங்கள் என்றும் சொல்லியிருந்தார். இவருக்குக் கொஞ்சம் குறைந்து வந்த நேரம் பார்த்து ஊசிக்காரர் இரண்டு வாரம் லீவில் போய்விட்டார். இங்கே முனகல் தாங்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நானே போட்டுவிடறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். கடைசியாகப் போய் வந்த அன்றே பேனாப் புள்ளிகளின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, சட்டைக்கு எடுப்பதுபோல் மாதிரி எடுத்து வைத்திருந்தேன், தொழில் புத்தி எங்கே போகும். புள்ளிக்குப் புள்ளி துளை போட்டு, அதன் வழியாகச் சாக்பீஸால் முதுகில் குறித்தேன். அவரும் முழு நம்பிக்கையோடு குப்புறப் படுத்துவிட்டார். ஆனால் கட்டிய புருஷன் முதுகில் ஊசி ஏற்ற எனக்கு மனம் வருமா? பல் குத்தும் குச்சியால் புள்ளிக்கு ஒரு அழுத்து, உடனே எடுத்துவிடுவேன், "போட்டாச்சு, அசையாதீங்க" என்பேன். அரை மணி கழித்து ஊசி பிடுங்குவதுபோல் ஒரு பாவனை. மூன்றாம் நாள் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினார். ஆறாம் நாள், "அந்த ஆளை விட உன் கைதான் சுகம்" என்றார்.

ஒன்பதாம் நாள் சாக்பீஸைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், ஏழு புள்ளி வலது பக்கம் இருக்கிறது. எந்த மாதிரிக் காகிதத்திலும் மேல் பக்கம் என்று எழுதி வைக்கிறவள் நான், இதில் மறந்துவிட்டேன், முதல் நாளிலிருந்தே திருப்பிப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் வலிக்கிற மனிதருக்கு வலது பக்கம், அதுவும் குச்சி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊசிக்காரர் திங்கள்கிழமை வருகிறார், என் கைராசியை அவரிடம் பெருமையடிக்க வேறு உன் அப்பா காத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து போட்ட திட்டமா இது" என்றார். உனக்கு ஒன்றுமே தெரியாது என்று உன் தலைமேல் சத்தியம் செய்தேன், காதில் வாங்கவில்லை. ஜன்னலோரத்து மரநாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி வலியும் திரும்பி வரும், உன்னோடு அவர் பேசவும் மாட்டார், இரண்டையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று பயந்துபோய் நானும் பேசாமல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நான்கு சட்டை முடிந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஏழு. அவர் உட்கார்ந்தது நாலு மணிக்கு. மூன்று மணி நேரம், சிட்டு! கோபத்தில் மனிதர் எழுந்திருக்கவே மறந்துவிட்டார். மெதுவாக மணியை மட்டும் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சாவியைத் தேடுகிறவர்போல் இடுப்பை இங்கும் அங்கும் அழுத்திப் பார்த்தார். ராத்திரி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

ஆகவே அக்குபங்சர் பலிக்குமா என்று என்னைக் கேட்காதே. நடையோ, சோபாவை விட்டதோ, அரை மணி அசையாமல் கிடந்ததோ, ஆரம்பத்தில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னபடி நாளானதால் தானே ஆறியதோ, எனக்குத் தெரியாது. உன் ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதை நான் குச்சியை வைத்தே பார்த்துவிட்டேன், அந்தமட்டில் நீ சொன்னது சரி. ஆனால் அவருக்கு வலித்தது நிஜம், அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், ஏமாந்தவர் என்று மட்டும் இன்னொரு முறை சொல்லிவிடாதே.

இதோ வந்துவிட்டார். கடிதத்தின் மேல் துணியை இழுத்து மூடினேன், பார்த்துவிட்டார். "அவளுக்கா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஓரத்து சீட்டா போடச் சொல்லு, நடுவுல மாட்டிக்கிட்டா அடிக்கடி எழுந்து நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்டாயா, இரண்டு டிக்கெட்! சந்தோஷத்தில் எழுத்து கோணலாகப் போகிறது.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மற்றவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் தன்னுடையதை மறந்தாள் என்று வரக் கூடாது. வாளியைத் தூக்காதே. நல்லபடியாகப் பெற்றெடுத்து, தாயும் பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். மணி எத்தனை முறை அடித்தாலும் நான் எடுக்கப் போவதில்லை, கை வேலையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவர் எடுக்கிறவரை அடிக்கவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா