உமாராணி வரவில்லை

9 ஜனவரி, 2024

குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை.

உமாராணியின் படத்தைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்தேன். இவருடைய முதல் மனைவி. இதே நோயில்தான் போனாள்.

12 ஜனவரி

இவரிடம் எப்படிச் சொல்வது? நாள் முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டிக் களைத்து வருகிற மனிதர். மறுபடியும் அதையேவா அவர் பார்க்கவேண்டும்?

இவருடைய அக்கா பரஞ்சோதியிடம் மட்டும் சொன்னேன். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"அவதான் வந்திருக்கா, பிரேமா. வாழ்ந்த வீட்ட விட்டுப் போக மாட்டேங்குறா. கத்தி வைக்க விட்டுடாத. மெர்போக்ல ஒரு சாமி இருக்காரு, மந்திரிச்சுப் பச்சிலைப் பத்து போடுவாரு."

15 ஜனவரி

கனவில் உமாராணி. கட்டில் ஓரம் உட்கார்ந்து என் ரவிக்கைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

16 ஜனவரி

அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ— திரும்பினால் இல்லை. நான் உனக்கு என்ன பண்ணேன், சொல்லு?

20 ஜனவரி

சாமியிடம் அழைத்துப்போக அண்ணி வந்தார். லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உமாவையும் இதே சாமிகிட்டதானே கூட்டிட்டுப் போனோம், அக்கா? புண்ணு வெடிச்சு நாத்தம் எடுத்தப்பறந்தானே ஆஸ்பத்திரி? பத்து வேணாம்னு அவ அழுதா. நான் வாயத் தொறக்கல. அவ யாரையும் தேடி வரல லா. நாமதான் அவள அனுப்பி வெச்சோம்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

22 ஜனவரி

கூலிம் ஆஸ்பத்திரி. ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

6 பிப்ரவரி

புற்றுதான்.

1 மார்ச்

மார்பை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லையாம். "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். இவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

18 ஆகஸ்ட்

கீமோ முடிந்து தலையில் முடி முளைக்கிறது.

ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் அண்ணி வந்தார். அறைக் கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்துத் தன் ரவிக்கைக்குள் வைத்தார். கல் மாதிரி இருந்தது. மேலே பச்சிலை காய்ந்து ஒட்டியிருந்தது.

"எப்பருந்து, அண்ணி?"

"போன தீபாவளிக்கு முன்னாடியே. அவ மொதல்ல என்கிட்டதான் வந்தா, பிரேமா. தம்பிகிட்ட சொல்லிடாத."

வெளியே போய் இவரிடம் சொன்னேன்.

3 செப்டம்பர்

அண்ணிக்கு எலும்புவரை போய்விட்டது. அறுவை செய்ய முடியாதாம். இன்று முதல் கீமோ. பக்கத்தில் நான். தண்ணீர் எடுத்துவர எழுந்தேன்; கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.