கார்பன் கம்பியில் சுற்றிய பட்டு

இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து குழைக்கும்போது ஒரு நெடி வருமே, இன்று காலை அது கடை முழுக்கப் பரவிவிட்டது. பெயர்ப்பலகையில் கழன்று விழுந்த ஓர் எழுத்தை ஒட்ட வந்த ஆள் அட்டைத் துண்டில் பசையைக் குழைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். நீ செத்து ஒன்பது மாதம் ஆகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது ஊர் வழக்கம். உன் விஷயத்தில் எனக்கு அது வாயில் வரவில்லை. அதனால் ஊரிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டு வாடகை சைக்கிளோடு நாம் கடை போட்டோம். நீ நெசவு வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் காலை விட மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன். எனக்கு விற்கத் தெரியும், உனக்குச் சக்கரம் கோர்க்கத் தெரியும். ரிம்மில் கம்பி எல்லாம் கோர்த்து, கோட்டம் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்ப்பாய். தறியில் நீளவாட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டினால் உங்கள் வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பாய். போளூர், களம்பூரில் இருந்தெல்லாம் உன்னிடம் சக்கரம் கொண்டுவந்தார்கள். இதை நான் மறுக்கவில்லை. வேலை தெரிந்தவன் நீ. வேலை தெரியாதவன் செய்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

கடை வளர்ந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் வந்தது, கடை என் பெயருக்கு மாறியது. பட்டறைப் பெஞ்சு மட்டும் உன்னுடையதாகவே இருந்தது. நீ என்னை "மொதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்தாய். மரியாதைக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் சுகன்யா. என் மகள் சைக்கிள் பந்தயத்துக்குப் போவாள் என்று நம் இருவரில் யாரும் நினைக்கவில்லை. கடையில் கிடந்த சைக்கிளை எடுத்து ஓட்டினாள், பள்ளியில் ஜெயித்தாள், மாவட்டத்தில் ஜெயித்தாள். அவளுடைய ப்ளஸ் டூ மார்க்கை வெளியில் சொல்ல எனக்கே கூச்சம். மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு வழி உண்டு. அவளுக்குத் திறந்திருந்தது அந்த ஒரு கதவுதான். வேலூருக்கு வெளியே நடந்த தேர்வுப் பந்தயத்தில் முதல் நான்கு பேருக்குள் வர வேண்டும். வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசி வருஷம்.

நீ அவளுக்காக ஸ்டீல் கம்பியில் ஒரு ஜோடி சக்கரம் கட்டி வைத்திருந்தாய். நான் சென்னைக்குப் போய், ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஒரு வருஷம் ஓட்டிய கார்பன் கம்பிச் சக்கரம் ஒரு ஜோடி பேரம் பேசி வாங்கி வந்தேன். எது மேல் என்று பார்க்க இரண்டையும் பக்கத்துப் பட்டு நூல் கடைக்கு எடுத்துப் போனேன். ஆரணியில் வேறு என்ன செய்வார்கள்? நூலானாலும் ஜரிகையானாலும் தராசில் போட்டால்தான் நமக்குப் புத்தி வேலை செய்யும். கார்பன் ஏறக்குறைய அரைக் கிலோ குறைந்தது. நூல் கடையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள். நீ மட்டும் தொடவில்லை.

"எடைய பாத்து வாங்கறதுக்கு இது இன்னா பட்டு நூலா?" என்றாய். "ஸ்டீலு கதறிட்டு ஒடையும்பா. ஒரு கம்பி போனா வீலு ஆடும், பொண்ணு பிரேக்க புடிச்சிகினு எறங்கிடும். இது கம்முனு இருந்துட்டு கம்முனே போயிடும். ஒண்ணு போச்சுன்னா மாத்தவும் முடியாது, மொத்தமா ஒட்டி வெச்சிக்கிறான்."

நியாயமான பேச்சு. நான் சொன்ன பதில்தான் நியாயமில்லாதது. "நீ கட்டாத சக்கரம்னா உனக்கு ஆவாதே. இது வந்துட்டா உன் பெஞ்சுல வேல இல்லன்னு பேஜார் ஆவுற" என்றேன். நூல் கடையே சிரித்தது. நீ கார்பன் சக்கரம் இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாய். சுகன்யா சைக்கிளில் நீதான் அவற்றைப் பூட்டினாய்.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு நான் சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பின்னால் எனக்குத் தெரியவந்தபடி, மத்தியானம் நீ டயர் மாற்றும்போது முன்சக்கரம் கை நழுவி, பெஞ்சில் பூட்டியிருந்த இரும்பு வைஸின் மேல் விழுந்தது. ஒரு கம்பியில் கீறல் விட்டது. மாற்ற முடியாத கம்பி என்று ஊர் கேட்கச் சொன்னவன் நீ. அப்படி இருந்தும், நீ போய்ப் பட்டு நூல் வாங்கி வந்தாய். அந்த இரண்டு குழாய்ப் பசையில் நூலை ஊறவைத்து, அறுந்த பாவு நூலை உங்கள் வீட்டுப் பெண்கள் முறுக்கிப் பிணைப்பதுபோல, கீறலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினாய். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தாய். இழுவிசைக்குப் பட்டு தாங்கும் என்று உன் கணக்கு. பாவு தாங்குகிறதே, கம்பி தாங்காதா என்று நினைத்திருப்பாய். இந்த உலகத்தில் வேறு எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

அன்று சாயங்காலம் நான் ஊர் திரும்பியதும், சக்கரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஓட்டட்டும்" என்றாய்.

உன் கட்டு மூன்று நாள் பயிற்சிக்கு நின்றது. பந்தயத்தன்று காலை முக்கால் தூரம் வரைக்கும் நின்றது. சுகன்யா மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். நான் அமைப்பாளர்கள் ஜீப்பில் பின்னால் இருந்தேன். ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம், மற்ற பெண்கள் ஏறி இறங்கிய பள்ளம்தான். அவள் முன்சக்கரம் அப்படியே மடிந்தது. நீ சொன்னது போலவே, ஒரு சத்தம் இல்லாமல் மடிந்தது. விழுந்ததில் அவள் கழுத்தடிக் காறை எலும்பு இரண்டாக உடைந்து தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அவளை வண்டியில் ஏற்றிய பிறகு உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். ஒரு கறுப்புக் கம்பியின் முனையில் வெளிர் மஞ்சளாக நார்நாராக ஏதோ பிரிந்து நின்றது. தொட்டுப் பார்த்தேன். ஆரணிக்காரன் கைக்குப் பட்டு தெரியாமல் போகுமா? அந்த ரோட்டிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் துண்டை உன் சட்டைப் பையில் சொருகி, இது என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "தப்பு ஆயிடுச்சு" என்றாய். அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் நீ தரையைப் பார்த்தாய். உன் ஸ்டீல் சக்கரம் கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம். மறுநாள் உன் பெஞ்சைத் தூக்கி உன் வீட்டு வாசலில் இறக்கினேன்.

சுகன்யாவின் கை இன்றும் தோளுக்கு மேல் முழுசாக எழுவதில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சைக்கிளைத் தொடுவதில்லை. உனக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்தபோது, என்னிடம் சொல்லாமல் பழம் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தாளாம். "மாமா அழுதாருப்பா" என்றாள். நீ அழுதது அவளிடம். என்னிடம் அழவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன், பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வர மனசில்லை, சுகன்யா இழுத்துக்கொண்டு வந்தாள். பந்தி முடிந்து கிளம்பும்போது உன் மனைவி என்னை வாசலில் நிறுத்தினாள். இத்தனை வருஷமும் என்னை அண்ணா என்று கூப்பிட்டவள், அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அண்ணா, கடைல வீலு கீழ விழுந்து கீறல் வுட்ட அன்னிக்கு சாயங்காலம் சொல்லணும்னு ரெண்டு தபா உங்க வீட்டாண்ட வந்தாரு. ரெண்டு தபாவும் தெருமொனை வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டாரு. 'நூல் கடைல அத்தினி பேர் முன்னால அப்பிடி சொன்னவன், நான் வேணும்னே ஒடச்சேன்னுதான் சொல்வான்'னு சொல்லிகினு குந்திட்டாரு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன். வேண்டுமென்றே உடைத்தாய் என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். கத்திவிட்டு உன் ஸ்டீல் சக்கரத்தை மாட்டியிருப்பேன். என் மகள் பந்தயத்தை முடித்திருப்பாள். என் வாயிலிருந்து ஒரு வசவு வாங்கிக்கொள்ள உனக்குத் தெம்பில்லை, அதற்கு அவள் எலும்பு உடைந்தது. இதை மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆனால் உன் மனைவி சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது, அது போக மாட்டேன் என்கிறது. இப்போது கடையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். தினம் பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்குகிறது, கண்ணாடி விளக்கு, பிளாஸ்டிக் மட்கார்டு, பெல் மூடி. சாயங்காலம் நான் கேட்கிறேன், இன்றைக்கு ஏதாவது உடைந்ததா என்று. "ஒண்ணும் இல்லீங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள். மறுநாளும் கேட்கிறேன். அன்றும் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் என் கடையில் ஒரு சாமான்கூட உடைந்தது கிடையாது.