இரண்டாம் நாள் சைக்கிள்

சின்னமனூர்,
12.7.2009

அன்பு மகன் விஜய்ராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கனடாவில் இப்போது வெயிலாமே, நீயும் மருமகளும் குட்டி அபிதாவும் சுகமாக இருக்கக் குச்சனூரானைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட அத்தாட்சியே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். போன் இருக்கக் காயிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் பக்கத்து அறையில் அம்மா காதில் விழும். அவளைப் பற்றி அவள் காதுபடப் பேசிப் பேசியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

சிக்குன்குனியா வந்த வருஷம் ஊரே நொண்டியது, பிறகு ஊரே நிமிர்ந்தது, உன் அம்மா மட்டும் நிமிரவில்லை. விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ப் பந்தல் வேலையை முடித்து, பத்து மணிக்கு உரக்கடைக்கு வந்து நான் செய்த தப்புகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது தலைக்கு ஊற்றினால் இரண்டு நாள் படுக்கை. ரத்தம் பார்த்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் சரியாக இருக்கிறதாம். பக்கத்து வீட்டு அக்கம்மாள் சும்மா இருப்பாளா, ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லன்னா அப்புறம் என்னத்தா, உடம்பு வளையலன்னு அர்த்தம் என்று வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளை ஏன் சொல்கிறேன், எங்க வீட்டுல ஒரு மகாராணி படுத்திருக்காக என்று கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தவன் நான்தான். நீயும் ஒருநாள் போனில், காலையில அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கப்பா, எல்லாம் சரியாப் போகும் என்றாய். மகன் சொல்லிவிட்டான் என்று பஸ் ஸ்டாண்டு வரை நான்கு நாள் நடந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், சத்தியத்தை இப்போது மீறிவிட்டேன்.

தை மாதம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜான்சி என்கிற டாக்டரம்மா இப்படி அசந்து கிடப்பவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். நகராத சைக்கிள் ஒன்று, முகத்தில் முகமூடி, நெஞ்சில் வயர். மிதிக்க மிதிக்கப் பெடல் கனத்துக்கொண்டே போகும், எந்தக் கனத்தில் மூச்சு தடுமாறுகிறது என்று மிஷின் எழுதும். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத, உடம்பை அசைக்காத ஆள் ஒருவர் வேண்டுமாம். டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக உரக்கடை நாற்காலியில் உட்கார்ந்து நான் சேர்த்த தகுதிக்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். நல்லா மிதிச்சீங்கம்மா, நாளைக்கு இதே நேரம் வந்துருங்க என்றார்கள். நம் ஊர்க் கணக்கில் வாத்தியார் நல்லா என்றால் பாஸ், மறுநாள் வரச் சொல்வது பெயிலானவனை. நாளைக்கு எதற்கு என்று அன்றைக்கே தேனி பஸ் ஏறிக் கூட்டிவந்துவிட்டேன். கடையில் எல்லாருக்கும் பாஸ் என்று சொல்லிச் சேவு வேறு வாங்கிக் கொடுத்தேன். நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்றாள் அக்கம்மாள். மறுநாள் காலை உன் அம்மாவால் பல் விளக்கக் கையைத் தூக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போன், ஐயா, முதல் நாள் யார் வேணும்னாலும் மிதிச்சிருவாங்க, இந்த நோய் ரெண்டாம் நாள்தான் வெளிய தெரியும், அதைப் பார்க்கத்தானே வரச் சொன்னேன் என்றார்கள். எனக்கு நாற்காலியில் உட்காரவே கூசியது.

திரும்ப வரலாம், ஆனால் முதலிலிருந்து இரண்டு நாளும் மிதிக்க வேண்டும், அது அம்மாவை வாரக்கணக்கில் படுக்கப்போட்டுவிடலாம், முடிவில் மருந்து எதுவும் கிடையாது, இது ஆராய்ச்சிதான், யோசித்து அம்மாவே சொல்லட்டும் என்றார்கள் டாக்டரம்மா. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். உன் அம்மா கண்ணைத் திறக்காமலே, படுக்கணும்னா படுத்துட்டுப் போறேன், நான் நடிக்கலைன்னு ஒருத்தராவது எழுதிக் குடுக்கட்டும் என்றாள். அந்த ஒருத்தராவதில் நான் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அவள் கொஞ்சம் தேற வைகாசி ஆகிவிட்டது. ஆனி பிறந்ததும் போனோம், ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே லாட்ஜில் தங்கினோம். இரண்டாம் நாள் நான் முதல் நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மிதித்தேன். அவளுக்கு முதல் நாள் கணக்கில் பாதியைத் தாண்டியதுமே மூச்சு தடுமாறிவிட்டது. வேணும்னு மெதுவா மிதிச்சா அதுவும் மூச்சுல தெரிஞ்சுரும், அம்மா முழுசா முயற்சி பண்ணியிருக்காங்க, உடம்புதான் குடுக்கல என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்கள். முகமூடியைக் கழற்றியதும் அவள் கேட்டது ஒன்றுதான், அப்ப நான் பொய் சொல்லலைல்ல? நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் சோம்பேறி யார் என்பதற்கு இப்போது எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது, அது என் பெயரில் இருக்கிறது.

வந்து மூன்று வாரமாகிறது, அவள் இன்னும் எழவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லை. குக்கர் விசில் தலையில் இடிக்கிறது என்பதால் சோறு வடிக்கப் பழகியிருக்கிறேன், சில நாள் அது கஞ்சியாகவே நின்றுவிடுகிறது. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் மட்டும் பார்க்கிறேன், வசனத்தை மனசுக்குள் நானே சொல்லிக்கொள்கிறேன், என் படங்களில் எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள். திட்டக்கூட ஆளில்லாத வீட்டில் தப்புச் செய்வதில் ஒரு ருசியும் இல்லையடா. டாக்டரம்மா எழுதிக் குடுத்த காயிதத்தை ஊர்ல யாருகிட்டயும் காட்டாதீங்க, அக்கம்மாகிட்டயும் வேண்டாம், விஜய்க்கு மட்டும் அனுப்புங்க என்று நேற்று சொன்னாள். மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நகல் இத்துடன் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளை எதிர்த்துப் பேசாதே, பிள்ளையிடம் தமிழில் பேசு. குலசாமி உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, காயிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவள் காதோரம் பிடித்துக்கொள்கிறேன். அப்பா அனுப்பினதைப் பார்த்தேன் என்று முதலில் சொல்லிவிடு, பிறகு பிள்ளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசு, கேள்வி மட்டும் கேட்காதே, பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சத்தமே வரவில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிடாதே, அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கபாண்டி