பிரெஞ்சுப் படத்துக்கு நீங்கள் சொன்ன முடிவு

டிரைவரண்ணா, மேட்டுப்பாளையம் ரோடு சரிந்து, எஸ்டேட்டுக்கு அரிசி ஏறாமல் கிழங்கு தின்று கிடந்தோமே, அந்த வருஷம் பார்த்த பிரெஞ்சுப் படத்தை நேற்று பேத்தியின் போனில் மறுபடி பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. தாத்தன் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

துரைமார் கிளப்புக்கு இங்கிலீஷ் படமென்று வந்த பெட்டியில் அது மாறி வந்தது. அவர்கள் வேண்டாமென்றதும் மைதானத்தில் நமக்குத் திரை கட்டினார்கள். நீங்கள் பாண்டிச்சேரிக்காரர்; அந்தப் பாஷை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். திரையோரம் நின்று தமிழில் கதை சொன்னீர்கள். ஒரு கொலை. செய்யாதவனைப் பிடித்துப் போகிறார்கள். ஜன்னலில் நின்று பார்த்த சலவைக்காரி பயந்துபோய் வாய் திறக்காமல் இருக்கிறாள்.

என் அண்ணன் அப்போது குன்னூர் போலீஸ் ஸ்டேஷனில் அடைபட்டுக் கிடந்தான். எஸ்டேட் மேஸ்திரியை வெட்டிக் கொன்றது அவனென்று கேஸ். படத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் கிடந்த அம்மாவிடம், "யாராச்சும் பார்த்திருப்பாங்கம்மா. சொல்லுவாங்க" என்றீர்கள்.

படத்தின் கடைசியில், கொலை செய்யாத அந்த ஆளை நாலு பேர் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு கதவு திறக்கிறது. "சலவைக்காரி கோர்ட்ல சொல்லிட்டா. பாருங்க, விடுதலை" என்றீர்கள். சனம் கை தட்டியது.

நேற்று அந்த இடத்தில் நான் சிரித்தேன். அடியில் ஓடும் எழுத்தைப் படித்த பேத்தி, "இல்லீங்கப்பிச்சி, தலைய வெட்டக் கூட்டிட்டுப் போறாங்க. அவ கடைசி வரைக்கும் வாயே தொறக்கல" என்றாள்.

படம் பார்த்த மறுநாளே நம் கூலிக்காரர் லைன் வீட்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒருத்தி ஸ்டேஷனுக்குப் போனாள். "ஜன்னல்ல நின்னு பாத்தேனுங்க. வெட்டுனது வாட்ச்மேனுங்க." கோர்ட்டிலும் அதையே சொன்னாள். அண்ணன் வெளியே வந்தான். வாட்ச்மேன் ஜெயிலிலேயே செத்தார்.

லைன் வீட்டுக்கு ஏது ஜன்னல்? முன்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். பதற்றத்தில் கதவை அப்படிச் சொல்லிவிட்டாள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் பார்த்தது தெரிந்து, அவள் பயம் தெளியட்டுமென்று கதையைத் திருப்பினீர்களா? இல்லை, நீங்கள் சொன்ன கதையைத்தான் அவள் கோர்ட்டில் சொன்னாளா?

வாட்ச்மேன் சம்சாரம் கைக்குழந்தையோடு ஊரைவிட்டுப் போனது உங்கள் லாரியில்தான். மலை இறங்கும்வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளீனராகக் கூட வந்த நான் களைப்பென்று நினைத்தேன்.

அண்ணன் பிள்ளைகள் என் மடியில் வளர்ந்தவர்கள். இப்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே அந்தக் கைக்குழந்தை நினைவுக்கு வருகிறது. உங்களைக் கேட்க வழியில்லை. அண்ணனும் போய்விட்டான். நடந்ததைச் சொல்ல உயிரோடு இருப்பது அன்று சாட்சி சொன்ன ஒருத்திதான். தேவர்சோலையில் மகன் வீட்டில் இருக்கிறாளாம். பஸ் ஏறினால் போய்விடலாம், கால்தான் வரமாட்டேனென்கிறது. எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன பெயர், பாக்கியம்.