நான் அராவிய முத்திரை

திங்கள், 6 ஒக்டோபர்
மழை. எட்டுப் பாகை. "இஞ்சாருங்கோ, பஸ்ஸிலை போங்கோவன்" என்று மனைவி சொன்னாள். சைக்கிளில் போய் நனைந்தேன். கேட்டிருந்தால் அது நானாக இருக்காது.

துப்பாக்கிப் பட்டறையில்: 3 துவக்கு சுத்தம், 1 பிடி வெடிப்பு. வேட்டைக் காலம், எல்லாருக்கும் அவசரம்.

துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன் நான். முப்பது வருடத்துக்கு மேலாகத் துவக்குத் திருத்திச் சம்பளம் எடுக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு ஆள் தேவையில்லை.

மத்தியானம் ஓர் ஆசிரியை வந்தார். இறந்துபோன அப்பாவின் வேட்டைத் துவக்கோடு. முதலில் அது இராணுவத் துவக்கு. பிறகு எங்கள் பட்டறையில்தான் வேட்டைக்கு மாற்றியது. இப்போது திரும்ப இராணுவத் துவக்காக்க வேண்டுமாம். "அதன் உண்மையான கதை எனக்கு வேண்டும்" என்றார். வியாழன் வருவார்.

மைஸ்டர், அதாவது பட்டறை முதலாளி, வேலையை என் கையில் தந்துவிட்டார். இவர் பழைய மைஸ்டரின் மகன். என் மகளின் வயது.

செவ்வாய், 7
மழை விட்டது. முழங்கால் நோ விடவில்லை.

பிடியின் அடித்தகட்டைக் கழற்றினேன். உள்ளே மரத்தில், பென்சிலால், ஒரு 'உ'. பிள்ளையார் சுழி. என் கை!

அந்த நாளில் புதுப் பிடி தொடங்க முன்னர், தகடு மறைக்கிற இடத்தில் ஒன்று போடுவேன். பழைய மைஸ்டர் ஒருநாள் கண்டுவிட்டார். "இது இரண்டு என்றால் ஒன்று எங்கே?" என்று பட்டறை முழுக்கத் தேடினார். நல்ல மனிசன். நாள் முழுக்கச் சீழ்க்கை. வால்நட் மரத்தூள் வாசம், ஈரக் கம்பளிச் சட்டை, இழுபடும் வானொலி. நீள இராணுவ மரங்களைக் கழற்றி அறுத்து அடுப்பில் போட்டோம். அதில் கோப்பி கொதித்தது. இன்று அதே மரத்தைத் தேடி ஆட்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். நாங்கள் குடித்தது சரித்திரக் கோப்பி.

பிறகுதான் மேலே பார்த்தேன். குழல் பொருந்துகிற இடத்தில் தொழிற்சாலை முத்திரையும் வருடமும் இருக்க வேண்டும். இல்லை. வழுவழு.

அதுவும் என் கைதான். "துருவை மட்டும் எடு" என்றுதான் பழைய மைஸ்டர் சொன்னார். எனக்கோ சட்டி அடிக் கரி போல எல்லாம் போய்ப் பளபளக்க வேண்டும். கெட்டித்தனம். பதிவு இலக்கத்தையாவது விட்டேனே.

சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டாம் முறை சோறு போட்டது வேறு கதை.)

புதன், 8
வெயில். சும்மா பேருக்கு.

மைஸ்டரிடம் சொன்னேன். "போரிலேயே அழிந்துபோனது என்று சொல்லிவிடுங்கள். யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார்.

ஆஹென் நகரில் படிக்கிற மகள் போன் எடுத்தாள். அவளுக்கும் சொன்னேன்.

"அப்பா, உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கேக் சாப்பிடேல்லை எண்டு டொக்டருக்குச் சொல்லேக்கை மீசையிலை கிறீம் இருந்தது."

வாங்க வேண்டியவை: பால், வெங்காயம், சீனி மாத்திரை.

வியாழன், 9
பத்து மணிக்கு ஆசிரியை வந்தார். மைஸ்டர் உள்ளே போய்விட்டார்.

சொன்னேன். முத்திரையை அராவியது நான்தான். இராணுவ மரம் வேறொன்று தேடிப் பூட்டலாம். முத்திரை திரும்ப வராது.

"அந்த மரம் வேறு துவக்கினுடையதா?"

"ஓம்."

"அப்போ அது யாருடைய கதை?"

அவர் அந்த வழுவழுப்பைப் பெருவிரலால் தடவினார்.

"காட்டில் காத்திருக்கும்போது அப்பா இந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் சின்னப் பிள்ளை, பக்கத்தில். ஏன் இங்கே மட்டும் இப்படி என்று கேட்டால், பட்டறையில் ஒருவன் அளவுக்கு மிஞ்சி வேலை செய்துவிட்டான் என்பார்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குக் கோபம்தான். எந்த வருடம் என்றாவது தெரிந்திருக்கலாம்."

"மன்னியுங்கள்."

அவர் துவக்கை என் பக்கம் தள்ளினார். பிறகு, "மரத்தை மாற்ற வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

வேலைச் சீட்டில் எழுதினேன்: சுத்தம், எண்ணெய். அவர் பேனையை வாங்கி, கீழே தானே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வைத்தார்: மினுக்கக் கூடாது.